கண்மாய்க் கையேட்டின் படங்கள்: ஒரே மூலத்திலிருந்து போனுக்கும் அச்சுக்கும்

திருப்பரங்குன்றத்தைச் சுற்றியுள்ள கண்மாய்களின் ஆயக்கட்டுதாரர்கள் (கண்மாய்ப் பாசன நிலக்காரர்கள்) சிலர் சேர்ந்து ஒரு கையேடு போட நினைத்தார்கள். மடை எது, கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்) எது, வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மறுகால் எங்கே போகிறது, தூர் வாரும்போது எங்கே பொக்லைனை இறக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இளையவர்கள் போனில் படிப்பார்கள். பெரியவர்களுக்குக் கையில் பிடிக்கப் புத்தகம் வேண்டும். டெம்மி 1/8 அளவு, உள்பக்கம் ஒத்தை கலர், மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு அச்சகம் என்று பேசி முடித்தார்கள். எழுத்தைக் கோத்து, இணையத்துக்கும் அச்சுக்கும் தயார் செய்வது என் வேலை.

எழுத்தை மார்க்டவுனில் (எளிய குறிகள் மட்டும் போட்ட வெற்று எழுத்துக் கோப்பு) வைத்துக்கொண்டேன். பேண்டாக் அதை எச்டிஎம்எல் ஆக்கும், ஸீலேடெக் (அச்சுப் பக்கம் கோக்கும் நிரல்) வழியாக பிடிஎஃப்பும் ஆக்கும். ஜான் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதி 2006ல் வெளியிட்ட நிரல் அது. எழுத்து மட்டும் இருக்கும் புத்தகம் என்றால் இதோடு கதை முடிந்திருக்கும். இதில் பாதி படம். போனில் எடுத்த கலுங்குப் புகைப்படங்கள், குமிழித்தூம்பின் குறுக்குவெட்டுக் கோட்டோவியம், கண்மாய்ச் சங்கிலியைக் காட்டும் வரைபடம், மடித்து மடித்துக் கிழிந்த பழைய கிராம வரைபடத்தின் ஸ்கேன் என்று எல்லாம் கலந்து வந்தன. பிரவுசர் எஸ்விஜி (கோட்டைக் கோடாகவே சேமிக்கும் பட வகை), வெப்பி (இணையத்துக்கான சுருக்கிய பட வகை) இரண்டையும் காட்டும், டிஃப்பை (ஸ்கேனில் வரும் பட வகை) பெரும்பாலும் காட்டாது. ஸீலேடெக் பிடிஎஃப், ஜேபெக், பிஎன்ஜி மூன்றையும் வாங்கிக்கொள்ளும், எஸ்விஜியையும் வெப்பியையும் தானாகத் தொடாது. அதனால் மூலத்தில் "தூம்பு.எஸ்விஜி" என்று எழுதினால் ஒரு பக்கம் இடிக்கும், "தூம்பு.பிடிஎஃப்" என்று எழுதினால் மறுபக்கம் இடிக்கும்.

ஆகவே மூலத்தில் படத்தின் பெயரை மட்டும் எழுதுவது, பின்னொட்டு (கோப்பு வகையைச் சொல்லும் கடைசித் துண்டு) போடாமலே விடுவது என்று வைத்துக்கொண்டேன். பேண்டாக்கில் இதற்கென்றே ஒரு விருப்பம் உண்டு: டிஃபால்ட்-இமேஜ்-எக்ஸ்டென்ஷன். பின்னொட்டு இல்லாத படப்பெயரைக் கண்டால் நாம் சொன்னதை ஒட்டிக்கொள்ளும். அச்சுக்கு ஓட்டும்போது "பிடிஎஃப்" என்று கொடுத்தேன். கோட்டோவியம் மட்டுமல்ல, புகைப்படமும் அச்சுக் கோப்புறையில் பிடிஎஃப்பாகவே இருக்கும். ஐஎம்ஜி2பிடிஎஃப் என்ற சின்னக் கருவி ஜேபெக்கை மறுபடி சுருக்காமல் அப்படியே பிடிஎஃப் உறைக்குள் போட்டுவிடும். தரம் கொஞ்சமும் குறையாது.

இணையத்துக்கு அந்த ஒற்றை விருப்பம் போதாது. கோட்டோவியம் எஸ்விஜியாகவும் புகைப்படம் வெப்பியாகவும் போக வேண்டும். அதற்கு லுவா மொழியில் ஒரு குட்டி வடிகட்டி (பேண்டாக் மாற்றும்போது இடையில் ஓடும் நிரல்) எழுதினேன். ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பெயரில் எஸ்விஜி கோப்பு இருக்கிறதா என்று திறந்து பார்க்கும். இருந்தால் அதை ஒட்டும், இல்லாவிட்டால் வெப்பியை ஒட்டும். வேறு எந்த அறிவும் அதற்குக் கிடையாது. பழைய பிரவுசருக்கு என்று தனியாக ஜேபெக் வைக்கவில்லை. 2020ல் சஃபாரியும் வெப்பியை ஏற்றுக்கொண்ட பிறகு அதற்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படக் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யூனிகோடில் "ோ" என்ற குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம், "ே" உடன் "ா" சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. ஆப்பிள் மேக்கின் பழைய கோப்பமைப்பு கோப்புப் பெயரைப் பிரித்தே சேமிக்கும். அப்படி ஒரு மேக்கில் ஜிப் செய்து வந்த "கோட்டோவியம்" லினக்ஸ் சர்வரில் போய் உட்கார்ந்ததும், பக்கத்தில் படம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த சின்னம்தான் தெரிந்தது. கோப்பு அங்கேதான் இருக்கிறது, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது, ஆனாலும் "இல்லை" என்கிறது. பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். அப்புறம் எல்லாப் படத்துக்கும் ரோமன் சிறிய எழுத்தில் பெயர் மாற்றினேன். விண்டோஸில் பெரிய எழுத்துப் பின்னொட்டோடு வரும் புகைப்படங்களின் தொல்லையும் அதோடு ஒழிந்தது.

இனி கோட்டோவியம். குமிழித்தூம்பு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: கண்மாய்க்குள் கரையிலிருந்து தள்ளிக் கல்தூண்கள் நிற்கும். அடியில் ஒரு கல்தொட்டி, அதன் மேல்பக்கம் நீரோடித் துளை, பக்கவாட்டில் தரையோடு ஒட்டிச் சேறோடித் துளை. தண்ணீர் பாயும்போது அடியில் படிந்த சேற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இதன் குறுக்குவெட்டை இங்க்ஸ்கேப் என்ற வரைகருவியில் வரைந்து, உறுப்புகளுக்குப் பெயர் எழுதியிருந்தது. இமேஜ்மேஜிக் என்ற பட மாற்றுக் கருவியிடம் கொடுத்து பிஎன்ஜியாக மாற்றிப் பார்த்தபோது "சேறோடித் துளை" சிதைந்து கிடந்தது. "சே"யில் ச முதலில் வந்து இரட்டைக் கொம்பு அதன் பின்னால் நின்றது. "து" சேராமல் த தனியாகவும் உகரக் குறி தனியாகவும் கிடந்தன. "ளை"யில் ஐகாரக் கொம்பு ளகரத்துக்கு வலப்பக்கம் போய்விட்டது.

ஃபான்ட் இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஃபான்ட் சரியாகவே இருந்தது, எழுத்துருவம் ஒவ்வொன்றும் ஒழுங்காகத் தெரிந்தது, வரிசைதான் தவறு. கணினி சேமித்து வைப்பது உச்சரிப்பு வரிசையில். கொம்பை முன்னால் நகர்த்துவதும் உகரத்தை ஒட்டவைப்பதும் எழுத்தைக் கோக்கும் எஞ்சின் செய்யும் வேலை. இமேஜ்மேஜிக்கில் வேறு துணைக்கருவி இணைக்கப்படாவிட்டால் அது தன் உள்ளிருக்கும் எளிய எஸ்விஜி வரைவானைப் பயன்படுத்தும். அதற்கு இந்த வேலை தெரியாது. ஆர்எஸ்விஜி-கன்வெர்ட் என்ற இன்னொரு கருவி, எழுத்தைக் கோக்கத் தெரிந்த பேங்கோவையும் ஹார்ஃப்பஸ்ஸையும் வைத்துக் கோக்கிறது. அதே கோப்பைக் கொடுத்ததும் எழுத்து ஒழுங்காக வந்தது. பிடிஎஃப்பாகவே வெளியே தரும் என்பதால் கோடும் கோடாகவே இருக்கும், ஃபான்ட்டும் உள்ளே பதிந்துவிடும். எஸ்விஜி படம் வந்தால் பேண்டாக்கும் அதைத்தான் கூப்பிடுகிறது. அன்றிலிருந்து எந்தப் புதுக் கருவி கையில் வந்தாலும் முதலில் "சேறோடித் துளை" என்று எழுதி மாற்றிப் பார்க்கிறேன். கொம்பு, கால், உகரம், ஐகாரம் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

ஒரு படத்தில் மட்டும் விளக்கப் பத்தி இருக்க வேண்டிய இடம் கறுப்புக் கட்டமாக வந்தது. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகளில் பெட்டி இழுத்து அதற்குள் எழுதினால், எஸ்விஜி 1.2 வரைவில் இருந்த ஒரு கூறாக அதைச் சேமிக்கும். அந்த வரைவு தரமாகவே ஆகவில்லை, பிரவுசர்கள் அதை அறியா. எழுத்து மெனுவில் சாதாரண எழுத்தாக மாற்றும் கட்டளை இருக்கிறது. ஒரு சொடுக்கில் சரியாகிவிட்டது.

போனில் வேறு சிக்கல். எச்டிஎம்எல்லில் படக் குறிச்சொல்லால் (img) வைக்கும் எஸ்விஜி, பக்கத்தின் வெப் ஃபான்ட்டை எட்டாது, வெளியிலிருந்து எதையும் இறக்கவும் செய்யாது. போனில் எந்தத் தமிழ் ஃபான்ட் இருக்கிறதோ அதில் எழுதும். என் கணினியில் கோட்டுக்குள் அடங்கிய "வரத்துக்கால்" இன்னொருவர் போனில் மடையின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஃபான்ட்டை எஸ்விஜிக்குள்ளேயே புதைக்கலாம், அல்லது எழுத்தை வெறும் கோடாக மாற்றலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். இங்க்ஸ்கேப்பைக் கட்டளை வரியில் ஓட்டி எழுத்தைப் பாதையாக மாற்றச் சொன்னால் போதும், மூலக் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். இதில் இழப்பும் உண்டு: படத்துக்குள் தேட முடியாது, திரைவாசிப்பான் ஒன்றும் சொல்லாது. அதனால் மாற்று விவரிப்பில் பெயர்களை எல்லாம் எழுதினேன். "குறுக்குவெட்டுப் படம்" என்று இரண்டு சொல்லில் முடிப்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

வரைபடத்தில் நிறம்தான் தலைவலி. இணையத்தில் கண்மாய் நீலம், ஆயக்கட்டு பச்சை, ஊர் இளஞ்சிவப்பு. வைகையிலிருந்து கிளைத்து வரும் கால்கள் அடர் நீலம். ஒத்தை கலரில் நீலமும் பச்சையும் ஒரே சாம்பல் ஆகிவிடும். தண்ணீர் எது, வயல் எது என்று தெரியாத கண்மாய் வரைபடத்தை வைத்து என்ன செய்வது? இரண்டு வரைபடம் தனித்தனியாக வரையலாம்தான். ஆனால் ஐயாமார்கள் "இந்தக் கால் இங்கிட்டு இல்ல தம்பி, அங்கிட்டு" என்று திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கும்போது ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் மாற்ற என்னால் ஆகாது.

ஆர்எஸ்விஜி-கன்வெர்ட்டுக்கு வெளியிலிருந்து ஒரு நடைத்தாள் (எந்த வகுப்புக்கு எந்த நிறம் என்று சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு) கொடுக்க முடியும் என்பது இங்கே கை கொடுத்தது. வரைபடத்தில் ஒவ்வொரு பரப்புக்கும் நிறத்துக்குப் பதிலாக வகுப்புப் பெயர் மட்டும் வைத்தேன்: நீர், வயல், ஊர், கால். எஸ்விஜிக்குள் இருக்கும் நடைத்தாள் வண்ணம் தரும், அது இணையத்துக்கு. அச்சுக்கு ஓட்டும்போது இன்னொரு நடைத்தாள்: நீர் நடுச் சாம்பல், வயல் சாய்கோடு, ஊர் வெள்ளை, கால் தடித்த கறுப்பு. சாய்கோட்டு வடிவத்தை எஸ்விஜியிலேயே ஒருமுறை வரையறுத்து வைத்தால் நடைத்தாளிலிருந்து அதைச் சுட்டலாம். இடிக்கும் இடம் ஒன்று உண்டு. இங்க்ஸ்கேப் ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் நேரடியாக நிறத்தை எழுதி வைக்கும். அது நடைத்தாளை மிஞ்சும். அவற்றைத் துடைக்க வேண்டும். வெளி நடைத்தாளில் ஒவ்வொரு வரிக்கும் ஆச்சரியக்குறியோடு "முக்கியம்" (!important) என்று போடவும் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நடைத்தாள் அதை மிஞ்சும். எக்ஸ்எம்எல் தொகுப்பியைத் திறந்து துடைத்தேன். அலுப்பான வேலை, ஆனால் ஒரு தடவைதான்.

புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருக்கிவிடும். "ஃபோட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று எல்லாருக்கும் சொன்னேன். அப்படி அசல் கோப்பு வரும்போது கூடவே எடுத்த இடத்தின் ஜிபிஎஸ்ஸும் வரும், அதை வெளியிடும் முன் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் இன்னொன்று: போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில் பிக்சல் பெரும்பாலும் படுத்தே கிடக்கும், "திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் கூட இருக்கும். பிரவுசர் அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பும். ஸீலேடெக் படிக்காது. இணையத்தில் நிமிர்ந்து நிற்கும் கலுங்கு, அச்சில் பக்கவாட்டில் விழுந்து கிடக்கும். இமேஜ்மேஜிக்கின் ஆட்டோ-ஓரியன்ட்டை முதலில் ஓட்டி, பிக்சலையே திருப்பி, அதன் பிறகுதான் மற்ற தகவலைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் திருப்பும் குறிப்பும் போய்விடும், பிறகு எந்தப் பக்கம் மேலே என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

அளவுக் கணக்கு எளிது. டெம்மியில் எழுத்து அகலம் நாலேகால் அங்குலம் வைத்தேன். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 1275. இன்றைய எந்தப் போனும் அதைவிடப் பல மடங்கு கொடுக்கிறது. மூலத்தில் அகலத்தை சதவீதத்தில் எழுதினால் பேண்டாக் இரண்டு பக்கமும் சரியாக எடுத்துக்கொள்ளும். பிக்சலில் எழுதினால் அங்குலத்துக்கு 96 என்று கணக்கிட்டு அச்சில் ஏதோ ஒரு அளவில் நிற்கும்.

அதிக நேரம் பிடித்தது கரைப் புகைப்படம் ஒன்று. செம்மண் கரை, அதன் அடியில் பச்சை வயல், வண்ணத்தில் அழகான படம். சாம்பலாக்கியதும் கரை காணாமல் போனது. நிற எடுப்பானை வைத்துப் பார்த்தேன். மண் கிட்டத்தட்ட சிவப்பு 170, பச்சை 95, நீலம் 60. வயல் சிவப்பு 90, பச்சை 120, நீலம் 50. சாம்பலாக்கும்போது மூன்றையும் சமமாகக் கூட்டுவதில்லை. நம் கண் பச்சையை அதிகம் உணர்வதால் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 என்று எடை. பெருக்கிக் கூட்டினால் மண்ணும் வயலும் 108 சொச்சத்தில் வந்து நிற்கின்றன. வேறு வேறு நிறம், ஒரே சாம்பல். பிரகாசத்தைக் கூட்டியோ குறைத்தோ இதைத் தீர்க்க முடியாது, இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சிவப்புத் தடத்தை (ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு அளவை) மட்டும் பிரித்து அதையே சாம்பல் படமாக எடுத்தேன். மண் 170, வயல் 90. கரை வெளுத்து எழுந்து நின்றது, வயல் இருண்டு பின்னால் போனது. இமேஜ்மேஜிக்கில் இது ஒரே வரி. மதுரையைச் சுற்றிச் செம்மண் நிறைய, அதனால் பல படங்களுக்கு இதையே செய்தேன். ஆனால் வானம் அதிகம் இருக்கும் படத்தில் சிவப்புத் தடம் புயல் வருவது போல வானத்தை இருட்டாக்கிவிடும். அவற்றுக்குச் சாதாரணச் சாம்பலே போதும். மூலக் கோப்புறையில் இரண்டு துணைக் கோப்புறை வைத்து, எந்தப் படம் எதில் இருக்கிறதோ அதன்படி மேக்ஃபைல் (எதை எப்படி மாற்றுவது என்ற விதிகளின் கோப்பு, மேக் என்ற நிரல் அதை ஓட்டும்) மாற்றிக்கொள்கிறது.

பழைய கிராம வரைபடம் முதலில் ஜேபெக்காக வந்தது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். புகைப்படத்தில் தெரியாது. மெல்லிய கோடும் புல எண்ணும் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் அழுக்குத் தெரியும். மறுபடி வாங்கி, 600 டிபிஐயில் டிஃப்பாக ஸ்கேன் செய்து, வெறும் கறுப்பு வெள்ளையாக்கி, ஐஎம்ஜி2பிடிஎஃப்பில் போட்டேன். ஒரு பிட் படம் (கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம்) என்றால் பழைய ஃபேக்ஸ் இயந்திரங்களின் குரூப் 4 சுருக்கத்தையே பயன்படுத்தி மிகச் சின்னதாக்கிவிடுகிறது. இணையத்துக்கு அதைக் குறுக்கும்போது ஒரு பிட்டிலேயே குறுக்கக் கூடாது, வரப்புக் கோடுகள் அங்கங்கே அறுந்துவிடும். முதலில் சாம்பலாக்கி, அப்புறம் குறுக்கி, பிஎன்ஜியாக்க வேண்டும். மெல்லிய கோடு வெளிர் சாம்பலாகவாவது மிஞ்சும். வடிகட்டியில் இதற்காக மூன்றாவதாக பிஎன்ஜியையும் தேடச் சொன்னேன்.

சோதனைக்கு ஒரு அத்தியாயத்தை அச்சகத்துக்கு அனுப்பியபோது அங்கிருந்து போன் வந்தது. "தம்பி, ஒத்தை கலர்னு சொன்னீங்க, ஃபைலைப் பிரிச்சா நாலு பிளேட் வருது."

"படம் எல்லாம் சாம்பல்தானேண்ணே?"

"சாம்பல்தான். ஆனா ஆர்ஜிபி சாம்பல்."

அவர் சொன்னது நியாயம். ஆர்ஜிபி கறுப்பை நாலு மையாகப் பிரித்தால் கறுப்பு பிளேட்டுக்கு முழு நூறு போகாது, தொண்ணூறு சொச்சம் போகும், மிச்சத்தை மற்ற மூன்று மை பங்கு போட்டுக்கொள்ளும். கறுப்பு பிளேட்டை மட்டும் ஓட்டினால் திண்மையாக இருக்க வேண்டிய எழுத்து புள்ளி புள்ளியாக விழும். கடைசி பிடிஎஃப்பை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிடிஎஃப் கருவி வழியாகச் சாம்பல் நிறவெளிக்கு மாற்றும் படியைச் சேர்த்தேன். கோஸ்ட்ஸ்கிரிப்ட் சும்மா இருக்காது, தான் மாற்றும் படங்களைக் குறுக்கவும் ஜேபெக்காகச் சுருக்கவும் பார்க்கும். குறுக்காதே, தானாகச் சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுக்காதே என்று இரண்டையும் வெளிப்படையாக அணைத்து, இழப்பில்லாத ஃப்ளேட் சுருக்கத்தையே பயன்படுத்து என்றும் சொல்ல வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் பார்க்க பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித்தொகுப்புடன் வரும் பிடிஎஃப்இமேஜஸ் என்ற கருவியில் பட்டியல் விருப்பம் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பக்க எண், நிறவெளி, சுருக்க முறை, தாளில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று வரிசையாகச் சொல்லும். நிறவெளி என்ற இடத்தில் ஆர்ஜிபி எங்காவது இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்ப்பேன். கோட்டோவியம் இந்தப் பட்டியலில் வரவே கூடாது. வந்தால் எங்கோ பிக்சலாகிவிட்டது என்று பொருள். குமிழித்தூம்பு வந்தது. வரைந்தவர் அழகுக்காகத் தொட்டிக்கு மங்கல் நிழல் போட்டிருந்தார், மங்கல் வடிகட்டிகளை ஆர்எஸ்விஜி-கன்வெர்ட் பிக்சலாகத்தான் மாற்றும். நிழலை எடுத்தேன். தொட்டிக்கு நிழல் எதற்கு?

புத்தகம் அச்சுக்குப் போன பிறகு, கூட்டத்துக்கு வரைபடத்தை மட்டும் ஆறுக்கு நாலு அடி ஃப்ளெக்ஸாக வேண்டும் என்றார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் கேட்டது வண்ண ஜேபெக், 72 டிபிஐ. 5184க்கு 3456 பிக்சல். வண்ண நடைத்தாளோடு அந்த அகலத்துக்கு பிஎன்ஜி எடுத்து, அதை இமேஜ்மேஜிக்கில் ஜேபெக்காக்கும் ஒரு விதியை மேக்ஃபைலின் அடியில் சேர்த்தேன். எழுத்து ஏற்கெனவே சரியாகக் கோக்கப்பட்டு பிக்சலாகிவிட்டதால் அந்தக் கட்டத்தில் இமேஜ்மேஜிக்கால் ஒன்றும் கெடாது. நிலையூர்ப் பக்கம் ஒரு காலை அங்கிட்டு நகர்த்தச் சொல்லி அன்று மாலையே இன்னொரு திருத்தம் வந்தது. எஸ்விஜியில் நகர்த்திவிட்டு ஒரு தடவை மேக் ஓட்டினேன், இணையம், அச்சு, ஃப்ளெக்ஸ் மூன்றும் மாறின.